வளாகம் வரட்டும்

ஜூன் 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்களைப் பார்த்த நினைவு எனக்கு இல்லை. நீங்கள் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே படிப்பீர்கள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். உங்கள் உடம்பு நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். நான் உங்கள் அண்ணன் மகள். இதை முதலிலேயே சொல்லாவிட்டால் யாரோ என்னவோ என்று தூக்கிப் போட்டுவிடுவீர்களோ என்று பயம்.

இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. கடைக்குப் பின்னால் பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கிய அறையில் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். மேலே அப்பா புரண்டு படுத்தால் கட்டில் கிறீச்சிடும். உடனே டார்ச்சை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உங்கள் அலுவலக முகவரியைக் கொடுத்தது அம்மா. "எதுக்குன்னு நான் கேக்கல. நீயும் சொல்லாதே" என்றாள்.

அத்தை, உங்கள் பல்கலைக்கழகம் வெளியூர்களில் புதிய வளாகங்கள் திறக்க யோசிப்பதாகச் செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஊர் தலைகீழாகக் கிடக்கிறது. வரவேற்புக் குழு ஒன்று அமைத்திருக்கிறார்கள். அதற்கு அப்பாதான் தலைவர். சிமென்ட் மூட்டை கேட்டு வருகிறவர்களிடம்கூட வளாகத்தைப் பற்றித்தான் பேசுகிறார். போன வாரக் கூட்டத்தில், "நம்ம ஊர்ப் பிள்ளைங்க படிப்பைத் தேடி ஓடினது போதும்! இனிமே படிப்பு நம்மளத் தேடி வரட்டும்!" என்றார். கைதட்டல் நிற்கவே இல்லை. எனக்கு நெஞ்சு பூரித்துப் போயிற்று. பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க அப்பா" என்று இரண்டு தரம் சொன்னேன்.

அன்றைக்கே வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொல்கிறார்: "இவளுக்குப் பன்னிரண்டாவது போதும். பரீட்சை முடிஞ்சதும் கல்லாவுல உக்காரட்டும். அப்புறம் நல்ல இடமாப் பாத்துக் குடுத்துடலாம்."

ஒரே வாய், அத்தை.

எனக்குக் கட்டடப் பொறியியல் படிக்க ஆசை. கடையில் கம்பியைத் தொட்டே என்ன கனம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் அந்தக் கம்பி ஏன் அந்த இடத்தில் அந்தக் கனத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குச் சொல்ல இங்கே ஆள் இல்லை. வெளியூர் போய்ப் படிக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் குரலை உயர்த்தக்கூட மாட்டார். சும்மா பார்ப்பார். அந்தப் பார்வை போதும். ஆனால் தெரு முனையிலேயே வளாகம் வந்து நின்றுவிட்டால் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு என்ன காரணம் இருக்கும்? அதனால் எனக்கு அந்த வளாகம் வந்தே ஆக வேண்டும். ஒரு பல்கலைக்கழகம் எதைப் பார்த்து ஓர் ஊருக்கு வரும்? எழுதுங்கள்.

பதிலை வீட்டுக்குப் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் எழுதியிருப்பது மூலைக்கடைத் தையல் அக்காவின் முகவரி. அவர் வாய் திறக்க மாட்டார், எப்போதும் குண்டூசி இருக்கும்.

பயத்தோடும் அன்போடும்,
உங்கள் மருமகள்


ஜூன் 27

என் மருமகளுக்கு,

நான் சுகம். கண்ணாடியின் கனம் மட்டும் வருடா வருடம் ஏறுகிறது. 'உங்கள் அண்ணன் மகள்' என்ற வரிக்கு வந்ததும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். கோணல் கையெழுத்து எனக்குப் பிடித்திருக்கிறது. யாராவது கேட்டால் பரம்பரை என்று சொல்.

எங்கே எழுதுகிறோம் என்று தெரிந்துதான் எழுதினாயா, தெரியாமலா? புதிய வளாகம் தொடங்குவதற்கான வழிகாட்டு நெறிகளைத் தயாரிக்க ஐந்து பேர் கொண்ட குழு இருக்கிறது. அதில் எழுத்து வேலை என்னுடையது. தலைவி கணிதப் பேராசிரியர். பல்கலைக்கழகம் முழுக்க அவருக்குக் கணக்கம்மா என்று பெயர். வளாகம் கேட்டு வரும் ஊர்கள் எல்லாம் வரவேற்பு வளைவையும் நிலத்தின் படத்தையும் காட்டுகின்றன. அவர் அவற்றைத் தள்ளி வைத்துவிட்டு, "பிள்ளைங்க எங்கே?" என்று கேட்பார்.

காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஓர் ஊரில் அவசர அவசரமாக ஒரு வளாகம் திறந்தோம். பெயர்ப்பலகை பெரிதாக இருந்தது, நூலகம் ஓர் அலமாரியாக இருந்தது. ஆசிரியர்கள் திங்கள் மதியம் வந்து வியாழன் காலை கிளம்பிவிடுவார்கள். மூன்றாம் வருடம் மூடினோம். பாதிப் படிப்பில் நின்ற பிள்ளைகள் இந்த அலுவலகப் படிக்கட்டில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் நான் தினமும் மேலே வந்தேன். அதனால் நான் எழுதிய முதல் நெறி இது: வளாகத்தைத் திறக்கும் முன், அதை மூட நேர்ந்தால் உள்ளே இருக்கும் மாணவர் எங்கே எப்படிப் படித்து முடிப்பார் என்பதை எழுதி வைத்துவிட்டுத் திற. இரண்டாவது: தாய் வளாகத்தில் கிடைக்கும் பட்டம், ஆசிரியர், புத்தகம் அங்கேயும் கிடைக்க வேண்டும். குறைத்துக் கொடுப்பதாக இருந்தால் போகவே வேண்டாம்.

நெறிகளின் வரைவை, வளாகம் கேட்டு விண்ணப்பித்த ஊர்களுக்கெல்லாம் அனுப்பிக் கருத்துக் கேட்டிருக்கிறோம். உங்கள் ஊரின் பிரதி வரவேற்புக் குழுவிடம் இருக்கும். படி. குறை இருந்தால் சொல். புகழ்ச்சி வேண்டாம், அதற்கு இங்கே ஆள் இருக்கிறார்கள்.

உன் அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? நன்றாகத் தூங்கு. டார்ச்சுக்கு நல்ல பேட்டரி வாங்கிக்கொள்.

அன்புடன்,
அத்தை


ஜூலை 15

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கண்ணுக்கு இப்போது தேவலையா? அம்மாவுக்கு முதுகுவலி பரவாயில்லை. உங்கள் விசாரிப்பைச் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். எல்லாரையும் விசாரித்தீர்கள். ஒருவரைத் தவிர. அவரும் சுகம்.

வரைவைப் படித்துவிட்டேன். அப்பா அதைக் கல்லாமேல் பூட்டை வைத்து அழுத்தி வைத்திருக்கிறார். நிலம், சாலை என்ற பக்கங்களை மட்டும் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறார். மீதிப் பக்கங்கள் புதுசாக இருந்தன. நான் ஞாயிற்றுக்கிழமை கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். இதை எழுதியது எங்கள் அத்தை என்று தெருவில் நின்று கத்தலாம் போல இருந்தது. ஆணிக்கு வந்தவரிடம் போல்ட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

குறை சொல்லச் சொன்னீர்களே, சொல்லட்டுமா? கோபிக்க மாட்டீர்களே?

நிலம் பற்றி இருக்கிறது. தண்ணீர், விடுதி, ஆசிரியர் குடியிருப்பு, ஆய்வுக்கூடம் எல்லாம் இருக்கிறது. மாலை வகுப்பு முடிந்த பிறகு கடைசிப் பேருந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள், அதுகூட இருக்கிறது. ஆனால் வளாகத்தைக் கேட்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையை அதற்குள் அனுப்புவார்களா என்று பார்க்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை. எங்கள் வரவேற்புக் குழுவில் இருக்கிற அத்தனை பேர் வீட்டிலும் பெண்கள் இருக்கிறார்கள். பத்தாவதோடு நின்றவர்கள்தான் அதிகம். கட்டடம் வந்து, பேருந்து வந்து, விளக்கெல்லாம் போட்டு, வீட்டுக் கதவு திறக்காவிட்டால்?

இது உங்களுக்குத் தெரியாத விஷயமா, அத்தை? எப்படி விட்டீர்கள்?

எழுதிவிட்டேன்.  கட்டில் சத்தம் கேட்கிறது.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 4

என் மருமகளுக்கு,

தாமதத்துக்கு உடம்பு காரணம் என்று எழுதலாம் என்று பார்த்தேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் பல நாள் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு வேறு வேலைகளைப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் குழுக் கூட்டத்தில், விட்டுப்போனது ஒன்று இருக்கிறது என்றேன். கணக்கம்மா நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "இது உனக்கு எப்படிப் பிடிபடாம போச்சு?" என்றார். நீ கேட்ட அதே கேள்வி. குறிப்பேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தேன்.

புதிய நெறி சேர்ந்துவிட்டது. குழு ஓர் ஊருக்குப் போனால், அங்கே படிக்கப் போகிறவர்களோடு தனியாகப் பேச வேண்டும். பெரியவர்கள் யாரும் அறையில் இருக்கக் கூடாது. வரவேற்புக் குழுவும்தான். எல்லா ஊருக்கும் இது பொது.

இனி முக்கியமானது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஊரில் உறவு இருந்தால் அதை வாய் திறந்து சொல்லிவிட வேண்டும், அந்த ஊரைப் பற்றிப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும். உங்கள் ஊரின் வரவேற்புக் குழுத் தலைவர் என் அண்ணன் என்று சொல்லிவிட்டேன். அங்கே வரும் குழுவில் நான் இருக்க மாட்டேன். ஆதரவாகவும் பேச மாட்டேன், எதிராகவும் பேச மாட்டேன். அதனால் உங்கள் ஊர் என்ன ஏற்பாடு செய்கிறது என்று இனி எனக்கு எழுதாதே. எனக்குத் தெரியக் கூடாது. உன்னைப் பற்றி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் எழுது.

கோபித்துக்கொள்வாய். பரவாயில்லை.

அத்தை


செப்டம்பர் 20

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். கோபித்துக்கொண்டேன். மூன்று நாள். பிறகு தையல் அக்காவிடம் (பெயர் சொல்லாமல்) கேட்டேன், இப்படி ஒருவர் எழுந்து போவது சரியா என்று. வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, "என் அளவுக்கு நானே ஜாக்கெட் தைச்சா எப்பவும் எனக்கு நல்லா இருக்கிற மாதிரித்தான் தெரியும். அதுக்குத்தான் இன்னொருத்திய விட்டுப் பாக்கச் சொல்றது" என்றார். கோபம் போய்விட்டது. பயம் போகவில்லை. எங்கள் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது அந்த நாற்காலி காலி.

நீங்கள் சொன்னபடி ஊரைப் பற்றி எழுத மாட்டேன். தையல் அக்காவுக்கு இப்போது தூங்க நேரமில்லாத அளவுக்கு வேலை வந்திருக்கிறது. என்ன தைக்கிறார், யார் தைக்கச் சொன்னார் என்று எழுத மாட்டேன். எழுதவில்லை, பார்த்தீர்களா?

என்னைப் பற்றி: உங்கள் குழு வரும் நாளில் மாணவர்கள் சார்பாக வரவேற்று நான் பேச வேண்டுமாம். அப்பா சொல்லிவிட்டார். "நாங்கள் அனைவரும் இங்கே படிக்க ஆவலோடு காத்திருக்கிறோம்" என்று அவரே எழுதிக் கொடுத்தார். நான் படித்துக் காட்டும்போது அவர் கண் கலங்கியது. அந்த 'அனைவரும்' என்ற சொல்லில் நான் இருக்கிறேனா என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

அத்தை, நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்? நீங்கள் படிக்கப் போன அன்றைக்கு அப்பாவிடம் என்ன சொன்னீர்கள்? எனக்கு அந்த வாக்கியம் வேண்டும்.

உங்கள் மருமகள்


அக்டோபர் 6

என் மருமகளுக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். இங்கே சளிக்காலம். குழுவில் பாதிப் பேர் தும்முகிறார்கள்.

பேசும்போது மேசையைப் பிடித்துக்கொள், கை நடுக்கம் தெரியாது. முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடம் செய், மீதி வரும். தண்ணீர் குடித்துவிட்டுப் போ. உனக்கு ஒரு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். கட்டடங்கள் ஏன் நிற்கின்றன என்பது பற்றி எளிதாக எழுதியது. தையல் அக்காவிடம் இருக்கும். படங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதே.

அன்புடன்,
அத்தை


நவம்பர் 17

அன்புள்ள அத்தைக்கு,

சளி போய்விட்டதா? புத்தகத்துக்கு நன்றி. நான் கேட்டதற்குப் பதில் எழுதவில்லை நீங்கள். அம்மாவிடம் கேட்டேன். "அவ கேட்டா. பெட்டியக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னு, 'அண்ணா, நான் போகட்டுமா'ன்னு மூணு தடவை கேட்டா. உங்க அப்பா வேண்டாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. பேப்பர் படிச்சுக்கிட்டே இருந்தார். அவ போயிட்டா, அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்ல" என்றாள்.

இனி ஊரைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். உங்கள் குழு வந்து போய்விட்டது. நடந்தது எல்லாம் அவர்கள் கண் முன்னால்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்து மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் நாங்கள். பின்வரிசைகளில், பத்தாவதோடு நின்று கல்யாணமான அக்காமார்கள், பள்ளிச் சீருடையில். அதைத்தான் தையல் அக்கா தைத்தார். மண்டபம் காலியாகத் தெரியக் கூடாது என்று அப்பாவின் யோசனை. ஓர் அக்காவுக்கு அவசரத்தில் தைத்த பாவாடை இடுப்பில் எட்டவே இல்லை. ஊக்கு போட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வரவேற்றுப் பேசினேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். பேசி முடிந்ததும் கணக்கம்மா, "பெரியவங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றார். "தாராளமா!" என்றார் அப்பா. கதவை அவரே சாத்திவிட்டுப் போனார்.

"இங்க வளாகம் வந்தா யாரெல்லாம் படிக்க வருவீங்க?"

சொல்லி வைத்தபடி அத்தனை கையும் மேலே போயிற்று.

"கைய இறக்காதீங்க. வீட்டுல கேட்டாச்சுன்னா மட்டும் அப்படியே வச்சிருங்க. கேக்கலன்னா இறக்கிடுங்க."

ஒவ்வொரு கையாக இறங்கியது, அத்தை. சத்தமே இல்லாமல். என் கையும் இறங்கியது. கடைசியில் பின்வரிசையில் ஒரே ஒரு கை. ஊக்கு போட்ட அக்கா. ரொட்டிக்கடைக்காரரின் மனைவி.

"நீ கேட்டுட்டியாம்மா?"

"கேட்டுட்டேன் மேடம். சரின்னுட்டார். ஆனா இப்ப வெளிய அழுவுறது என் பிள்ளை. பால் குடுத்துட்டு வந்துடட்டுமா?"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரித்த வேகத்தில் ஊக்கு தெறித்தது. குழுவில் ஒருவர் முகம் கறுத்து, "இது என்ன நாடகமா?" என்று எழுந்துவிட்டார்.  வளாகம் போயிற்று, அப்பா மானம் போயிற்று, என் படிப்பும் போயிற்று. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை, எழுந்து நின்றிருந்தேன்.

"நாடகம்தான் சார். ஆனா இந்த அக்காமாரை யாரும் இழுத்துட்டு வரல. சீருடை போடச் சொன்னதும் அளவு குடுக்க ராத்திரி வரைக்கும் வரிசையில நின்னாங்க. நிஜமா வீட்டுல கேட்டது அவங்கள்ல ஒருத்தங்கதான். முன்னாடி உக்காந்திருக்கிற நாங்க யாரும் கேக்கல."

"ஏன் நீ கேக்கல?" என்றார் கணக்கம்மா.

"பயம்."

"யாரைப் பாத்து?"

"தலைவரைப் பாத்து."

"எந்தத் தலைவர்?"

"வரவேற்புக் குழுத் தலைவர். எங்க அப்பா."

அவர் சிரிக்கவில்லை. "கதவு அங்க இருக்கு. நாங்க காத்திருக்கோம்" என்றார்.

வெளியே போனேன். ரொட்டிக்கடைக்காரர் குழந்தையைத் தோளில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தார். அப்பா தேநீர்க் கோப்பையோடு நின்றார். சுற்றிலும் ஊர்ப் பெரிய மனிதர்கள். "அப்பா, வளாகம் வந்தா என்னைச் சேத்து விடுவீங்களா?" என்றேன்.  அப்பா தேநீரைப் பார்த்தார். பிறகு, "வளாகம் வரட்டும்" என்றார்.

அவ்வளவுதான். உள்ளே வந்து அதையே அப்படியே சொன்னேன். கணக்கம்மா தலையை ஆட்டினார். எழுதிக்கொள்ளவில்லை.

வீட்டில் அப்பா யாருடனும் பேசுவதில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருக்கும். ஊரைக் கவிழ்த்துவிட்டேனா, அத்தை?

உங்கள் மருமகள்


டிசம்பர் 2

என் மருமகளே,

சளி போய்விட்டது. உன் அம்மாவுக்கு நல்ல ஞாபகசக்தி.

உங்கள் ஊரைப் பற்றிப் பேசிய அன்று நான் எழுந்து வெளியே போய், நடைபாதையில் ஜன்னலோரம் நின்றேன். நெடுநேரம் பேசினார்கள். என்ன முடிவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் எழுத மாட்டேன். கூட்டம் முடிந்து வெளியே வந்த கணக்கம்மா என் பக்கத்தில் நின்று, "அந்த முன்வரிசைப் பொண்ணு, மேசையைப் புடிச்சுக்கிட்டே பேசினாளே, அவ உனக்கு யாரு?" என்றார்.

"என் மருமகள்" என்றேன்.

வழக்கத்துக்காக அண்ணனைச் சொன்னது தவிர, இத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்தில் நான் என் குடும்பத்தைப் பற்றிச் சொன்ன முதல் வார்த்தை அது. சொல்லிவிட்டுப் படியில் இறங்கும்போது நேராக நடக்கிறேனா என்றே சந்தேகமாக இருந்தது. அவ்வளவு பெருமை.

நீ எதையும் கவிழ்க்கவில்லை. பரீட்சைக்குப் படி. இங்கே சேர்வதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் பிப்ரவரி இறுதி. விவரம் எல்லாருக்கும் அனுப்புவதுதான், இந்த உறையில் உனக்கும் வைத்திருக்கிறேன்.

உன் அத்தை


ஜனவரி 25

அன்புள்ள அத்தைக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுக்குத்தான்.

அறிக்கை வந்துவிட்டது. உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். எங்கள் ஊருக்கு வளாகம் இப்போதைக்கு இல்லை. முதலில் வாடகை அறைகளில், படிப்பை இடையில் விட்டவர்களுக்கு மாலை வகுப்புகள். இரண்டு வருடம் நடத்திப் பார்த்து, வந்தவர்கள் நிலைத்தால் அப்புறம் கட்டடம்.

செய்தி வந்த அன்று எதிர்ப்புறச் சைக்கிள் கடைக்காரர் எங்கள் கடை வாசலிலேயே, "உங்க பொண்ணு வாயத் திறக்காம இருந்திருந்தா இந்நேரம் அஸ்திவாரம் தோண்டியிருக்கலாம், அண்ணாச்சி" என்றார். நான் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஏன், அவ சொன்னதுல எது பொய்?" என்றார் அப்பா.

அதன் பிறகு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். இந்த முறை முதல் பக்கத்திலிருந்து. வாடிக்கையாளர் வந்தால் "இருங்க" என்று கையைக் காட்டினார். பின்பக்கத்தில் குழுவினரின் பெயர்கள் இருந்தன. அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். அம்மாவைக் கூப்பிட்டார். 'நெறிகள் எழுதியவர்' என்று போட்டிருந்த உங்கள் பெயருக்குக் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தார்: 'இவ்வூரில் உறவினர் இருப்பதால் இவர் இவ்வூர் குறித்த விவாதத்தில் பங்கேற்காமல் வெளியேறினார்.'

அம்மா மெதுவாக, "உள்ள இருந்திருந்தா நமக்காக ஒரு வார்த்தை சொல்லியிருப்பா" என்றாள்.

"சொல்வாளா? எங்க வீட்டுப் பொண்ணு அந்த வேலையச் செய்வாளா?" என்று சீறினார் அப்பா. உடனே எழுந்து தெருவைத் தாண்டிப் போய்ச் சைக்கிள் கடைக்காரர் முன்னால் அறிக்கையைப் போட்டார். "இதுல இருக்கிற நெறியெல்லாம் என் தங்கச்சி எழுதினது. முழுக்கப் படி. ஒரு வரி தப்புன்னு காட்டு, கடைய உன் பேருக்கு எழுதி வைக்கிறேன்."

திரும்பி வந்தவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஆறு மாசமாத் தையல்காரி வீட்டுக்குப் போற. ஒரு ரவிக்கத் துணியாவது கையில எடுத்துட்டுப் போயிருக்கலாம்."

 எவ்வளவு நாளாகத் தெரியும் அவருக்கு? கேட்கவில்லை. அவர் அதற்குள் கடை மாடியின் முன்பக்கத்தை மாலை வகுப்புக்குத் தருவதாகச் சொல்லி, அங்கிருந்த குழாய்களை இறக்க ஆரம்பித்துவிட்டார். பின்வரிசை அக்காமார் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் நான்? மாலை வகுப்பில் கட்டடப் பொறியியல் கிடையாது. 'வளாகம் வரட்டும்' என்றார். அது இப்போது வராது. பிப்ரவரி முடிந்தால் எல்லாம் முடிந்தது. நாளைக் காலை கடை திறந்ததும் போய்க் கேட்கப் போகிறேன். பக்கத்தில் யார் நின்றாலும் சரி. 

உங்கள் மருமகள்


பிப்ரவரி 2

சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுவது. நாங்கள் சுகம். உன் சுகத்துக்கு எழுது. கண் மங்குகிறது என்று கேள்விப்பட்டேன். நல்ல டாக்டரைப் பார்.

உங்கள் அறிக்கையைப் படித்தேன். மழைநீர் வடிகால் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் போதாது. கட்டடச் சாமான் விற்கிறவன் ஒருத்தனைக் கேட்டிருக்கலாம். மற்றபடி நன்றாக இருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது. சீருடை என் யோசனை. தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண்கள் யாரும் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மாலை வகுப்புக்கு அதைப் போட்டுக்கொண்டு வரலாமா என்று கேட்கிறார்கள். உங்கள் நெறியில் அதற்கு இடம் உண்டா, பார்த்துச் சொல்.

போன வாரம் கடை திறந்ததும் இவள் வந்து நின்றாள். சிமென்ட் ஏற்ற வந்தவர்கள், சைக்கிள் கடைக்காரன், எல்லாரும் இருந்தார்கள். "அப்பா, நான் அத்தை ஊருக்குப் போய்ப் படிக்கட்டுமா?" என்றாள். குரல் நடுங்கியது. ஆனால் ஓடிப்போகவில்லை, நின்றாள். நீ நின்ற மாதிரி. அன்றைக்கு நான் தலையைத் தூக்கியிருந்தால் அழுதிருப்பேன். அதனால் தூக்கவில்லை. உனக்கு அது தெரிந்திருக்காது.

இந்த முறை தூக்கினேன். "போய்ட்டு வா" என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நம் வீட்டில் முதலில் படித்தவள் நீ. இரண்டாவது இவள். சைக்கிள் கடைக்காரனிடம் இதைத் தினமும் சொல்கிறேன், ஓடி ஒளிகிறான்.

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் நானே போட்டுவிட்டேன். நீ அதில் ஒரு விரல்கூட வைக்க வேண்டாம். உன் வழக்கம் உனக்கு, அதை நான் கெடுக்க மாட்டேன். இடம் கிடைத்தால் அவள் தகுதிக்குக் கிடைக்கட்டும். கிடைக்கும்.

சேர்க்கும் நாளில் நாங்கள் மூவரும் வருவோம். உன் அண்ணி உன் வீட்டில் தங்குவாள், பேச அவளுக்கு நிறைய இருக்கிறதாம். நான் லாட்ஜில் அறை எடுத்துக்கொள்கிறேன், சொல்லாமல் கொள்ளாமல் வந்து தங்குகிற ஆள் நான் இல்லை. சாப்பிட மட்டும் வருவேன். மூன்று வேளையும்.

இப்படிக்கு,
அண்ணன்